சாவி எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் இணையச் சேவை தொடங்கப்படும்போதும், வாடிக்கையாளர் விவரங்கள் எங்கேனும் கசிந்தன என்ற செய்தி வரும்போதும் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடமிருந்து தவறாமல் ஓர் அறிக்கை வரும்: "எங்களிடம் உள்ள தகவல்கள் அனைத்தும் குறியாக்கம் செய்யப்பட்டவை." நாளிதழ்களும் அதை அப்படியே அச்சிடுகின்றன. அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படிக்கும் வாசகருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியப்போவதில்லை. பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் தரவுத்தளத்தில் குறியாக்கத்தை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி எழுதும் முறையை, ஆன் செய்வது எளிது. சாவி எங்கே இருக்கிறது, குறியாக்கத்துக்கு முன்பு எழுதப்பட்ட படிகள் (நகல்கள்) எங்கெல்லாம் தங்கியிருக்கின்றன என்ற இரண்டுக்கும் பதில் சொல்வதுதான் கடினம். தங்கள் செய்தியாளர்களும், டெண்டர் எழுதும் அலுவலர்களும் அந்த இரண்டையும் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், அந்த ஏற்பாடுகளில் ஒன்றாகக் குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், நிதி நிறுவனம் என்று யாராக இருந்தாலும் ஒப்பந்தத்தில் 'என்கிரிப்ஷன் அட் ரெஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்தாக வேண்டிய காலம் இது. கம்பியில் போய்க்கொண்டிருக்கும் தகவல் வேறு விஷயம். டிஸ்கில் எழுதப்பட்டுக் கிடக்கும் தகவலைப் பூட்டுவதைத்தான் அந்த வரி சொல்கிறது. வேலையை எடுத்தவர் ஒரு செட்டிங்கை மாற்றி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், நிபந்தனை நிறைவேறியதாகக் கோப்பில் குறித்துவிடலாம். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

பல சர்வர்களில் தகவலைப் பிரித்து வைக்கும் கசாண்ட்ரா என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு நோயாளியின் தொலைபேசி எண் அதற்குள் வருகிறது. மூன்று படிகள் வைக்கும்படி அமைத்திருந்தால் அந்த எண் மூன்று நோடுகளுக்கு, அதாவது மூன்று சர்வர்களுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் முதலில் கமிட் லாக் எனும் பதிவுக் கோப்பில் எழுதப்படும். நினைவகத்தில் சேர்ந்து, பிறகு எஸ்எஸ்டேபிள் என்ற கோப்பாக டிஸ்கில் இறங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு நோடு படுத்திருந்தால், அதற்குச் சேர வேண்டிய எழுத்தை வேறொரு நோடு 'ஹின்ட்' கோப்பாகத் தன் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் 3 மணி நேரம் வரை இப்படிச் சேர்த்து வைக்கும். இத்தனையையும் பூட்டினால்தான் அந்த ஒரு எண் பூட்டப்பட்டதாக ஆகும்.

கட்டற்ற கசாண்ட்ராவின் அமைப்புக் கோப்பில் 'டிரான்ஸ்பரன்ட் டேட்டா என்கிரிப்ஷன்' என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அதை ஆன் செய்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் பகுதி பூட்டுவது கமிட் லாகையும் ஹின்ட் கோப்புகளையும் மட்டுமே. மாதக்கணக்கில் டிஸ்கில் கிடக்கும் எஸ்எஸ்டேபிள் கோப்புகளை அது தொடுவதில்லை. ஆகவே இந்த மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஒன்று, டேட்டாஸ்டாக்ஸ் போன்ற கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். அல்லது லினக்ஸின் லக்ஸ் முறையில் டிஸ்கையே பூட்ட வேண்டும்.

இரண்டாவது வழியை எடுத்தால், சேவையை நிறுத்தாமலே செய்து முடிக்கலாம். பல சர்வர்களில் பரவிய தரவுத்தளம் தரும் பெரிய வசதி இது. ஒற்றைச் சர்வர்காரர்களுக்கு இது கிடைக்காது. முதலில் கிளஸ்டர் (எல்லா நோடுகளும் சேர்ந்த தொகுப்பு) முழுக்க, படிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேரை ஓட்டி, மூன்று படிகளும் ஒத்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு நோடை 'டிரெயின்' செய்து (நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் எழுதி முடிக்கச் செய்து) நிறுத்தி, அதன் தரவு டிஸ்கை லக்ஸ் கொண்டு புதிதாக ஃபார்மட் செய்து, பழைய நோடுக்கு மாற்று என்ற குறிப்போடு மீண்டும் கிளப்புங்கள். மற்ற நோடுகளிலிருந்து அது தன் பங்கை இழுத்துக்கொள்ளும். வந்து சேர்ந்ததும் மறுபடி ரிப்பேர். அது முடிந்த பிறகே அடுத்த நோடு. அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக நிறுத்தினால், அவை இரண்டிலும் படி உள்ள தரவுக்கு, மூன்றில் இரண்டு படி பதில் சொல்லியாக வேண்டிய வாசிப்புகள் தோல்வியடையும். நேரக் கணக்கையும் முன்பே போட்டு வையுங்கள். அனுப்பும் நோடு வினாடிக்கு 24 எம்பி அளவில் அனுப்புகிறது என்றால், ஒரு டெராபைட் நகர 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல நோடுகள் சேர்ந்து அனுப்பும்போது குறையும். ஆனால் அன்றாட வேலையும் அதே கம்பியில்தான் ஓடுகிறது. லக்ஸ் ஹெடரின் நகல் ஒன்றை வேறு இடத்தில் எடுத்து வைக்க மறக்கக் கூடாது. டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள அந்தச் சில மெகாபைட் கெட்டுப்போனால், சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் தரவு திறக்காது.

காக்ரோச்டிபி, டைகேவி போன்ற தரவுத்தளங்களில் குறியாக்கம் உள்ளேயே அமைந்திருக்கிறது. இவற்றில் சாவிகள் இரண்டு அடுக்கு. கீழடுக்கில் இருக்கும் தரவுச் சாவியைத் தரவுத்தளமே உருவாக்கிக்கொண்டு, இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது. அந்தச் சாவிகளைப் பூட்டி வைக்கும் மேலடுக்குச் சாவியை நாம் தருகிறோம். காக்ரோச்டிபியில் அது ஒரு சிறிய கோப்பு: 32 பைட் அடையாளம், அதையடுத்து சாவி. ஏஇஎஸ்-128 குறியாக்க முறை என்றால் மொத்தம் 48 பைட். ஏஇஎஸ்-256 என்றால் 64 பைட். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் ஒவ்வொரு நோடாக நிறுத்தி, "புதிய சாவி இது, பழையது வெறும் எழுத்து (பூட்டப்படாதது)" என்று சொல்லிக் கிளப்பினால் போதும். ஒரு நோடை விட்டுவிட்டால், பூட்டப்படாத படி அங்கே இருந்துகொண்டே இருக்கும். ஒரு நோடில் ஆன் செய்வது மற்றதைப் பாதிக்காது.

ஆன் செய்த நொடியிலிருந்து எழுதப்படும் கோப்புகள்தான் பூட்டப்படுகின்றன. ஏற்கெனவே டிஸ்கில் இருப்பவை, காம்பேக்ஷன் (பழைய கோப்புகளை ஒன்றுசேர்த்துத் திரும்ப எழுதும் வேலை) நடந்து புதிய கோப்பாக மாறும் வரை வெறும் எழுத்தாகவே இருக்கும். தினமும் மாறும் அட்டவணைகளில் இது விரைவில் நடந்துவிடும். 2015-இல் சேர்ந்த உறுப்பினர் விவரம் போல, யாரும் தொடாத பழைய பதிவுகளில் எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. காக்ரோச்டிபியின் நிர்வாகத் திரையில், ஸ்டோர்களுக்கான (நோடின் தரவு இருக்கும் இடங்களுக்கான) அறிக்கையில், மொத்தக் கோப்புகளிலும் பைட்டுகளிலும் எத்தனை பங்கு நடப்புச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும். டெண்டர்காரரிடம் 'ஆன்' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்காதீர்கள். இந்தப் பங்கைக் காட்டும் திரையைக் கேளுங்கள். வாராவாரம் தரவுச் சாவி மாறும் என்பதால், நடப்புச் சாவியின் பங்கு குறைவாகத் தெரிவதை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சாவியாலும் பூட்டப்படாத கோப்பு மிச்சமிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பொறுமையில்லாதவர்களுக்கு நல்ல வழி: பூட்டிய டிஸ்கோடு புதிய நோடுகளைச் சேர்த்து, பழைய நோடுகளை ஒவ்வொன்றாக முறைப்படி விலக்கிவிடுவது.

மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் நிலைமை வேறு. அதன் என்டர்பிரைஸ் பதிப்பில் 3.2 முதல் இந்த வசதி உண்டு. இலவசப் பதிப்பில் கிடையாது. ஏற்கெனவே தரவு இருக்கும் கோப்புறையில் அதை ஆன் செய்ய முடியாது. காலிக் கோப்புறையோடு நோடைக் கிளப்பி, மற்ற நோடுகளிலிருந்து முழுப் படியையும் இழுக்க வைக்க வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் பழைய வெறும் எழுத்து மிஞ்சும் அபாயம் இதனால் குறைகிறது என்பதால் எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஜிசிஎம் எனும் குறியாக்க முறையில் பூட்டியிருக்கும் மாங்கோடிபியை நிறுத்தி, கோப்புகளை நகலெடுத்து, அந்த நகலிலிருந்து மீட்டெடுத்தால், ஒரே சாவியோடு ஒரே எண்ணி மதிப்பு (ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய எண்) இரண்டாம் முறை பயன்பட வாய்ப்பு உண்டு. ஜிசிஎம் முறையில் அப்படி நடந்தால் ரகசியமும் போச்சு, தரவு திருத்தப்படவில்லை என்ற உறுதியும் போச்சு. இதற்காகவே, மீட்டெடுத்த பின் முதல் தடவை கிளப்பும்போது தரவுச் சாவிகளைப் புதுப்பிக்கச் சொல்லும் தனி விருப்பம் ஒன்றை மாங்கோடிபி வைத்திருக்கிறது. மீட்டெடுப்பு வழிமுறைத் தாளில் இந்த அடி கட்டாயம் இருக்க வேண்டும். பேரிடர் நேரத்தில் அது யாருக்கும் தானாக நினைவுக்கு வராது.

இனி ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் இருந்த தரவைப் பிடித்து வைப்பது. கசாண்ட்ராவில் ஸ்னாப்ஷாட் என்பது தனி நகலல்ல, ஹார்டு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர். ஆகவே காம்பேக்ஷன் பழைய கோப்பை நீக்கினாலும், ஸ்னாப்ஷாட் கோப்புறையில் அதே பைட்டுகள் அப்படியே இருக்கும். போதாததற்கு, ஓர் அட்டவணையை 'டிராப்' செய்தாலோ (நீக்கினாலோ) 'டிரன்கேட்' செய்தாலோ (காலி செய்தாலோ), இயல்பான அமைப்பில் அது தானாகவே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும். நீக்கிவிட்டோம் என்று சட்டப்படி எழுதிக்கொடுத்த தகவல், மூன்று நோடுகளிலும் பூட்டில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஸ்னாப்ஷாட்டுகளைப் பட்டியலிட்டுத் துடைக்கும் கட்டளை கூடவே இருக்கிறது, பயன்படுத்துபவர்தான் வேண்டும். தரவுத்தளத்தின் லாக் கோப்பும் இப்படித்தான். மெதுவாக ஓடிய கேள்விகளை முழு மதிப்போடு எழுதி வைக்கும் லாகில் தொலைபேசி எண்ணும் ஆதார் எண்ணும் விழும். அது தரவுத்தளத்தின் குறியாக்கத்துக்குள் வராது. நினைவகத்தை அப்படியே கொட்டும் கோர் டம்ப்பில் தரவு மட்டுமல்ல, சாவியும் இருக்கும். தரவுத்தள நோடுகளில் கோர் டம்ப்பையும், நினைவகத்தில் உள்ளதை டிஸ்குக்கு மாற்றும் ஸ்வாப்பையும் அணைத்துவிடுங்கள்.

பேக்கப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரவுத்தளத்தின் வழியாக எடுக்கும் பேக்கப், படிக்கும்போதே பூட்டைத் திறந்துகொண்டுதான் வெளியே வருகிறது. நோடின் டிஸ்க் பூட்டியிருப்பதால் பேக்கப்பும் பூட்டியிருக்கும் என்பது பொருந்தாது. அதற்குத் தனிக் குறியாக்கமும் தனிச் சாவியும் வேண்டும்.

இப்போது சாவிக்கு வருகிறேன். மேலடுக்குச் சாவியை அதே நோடின் அதே டிஸ்கில் வைத்திருப்பது பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைப்பது போன்றது. பழுதான டிஸ்கை மாற்றக் கொடுக்கும்போது சாவியும் கூடவே போய்விடும். ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைத் தனியான 'ஆதார் டேட்டா வால்ட்'டில் பூட்டி வைக்க வேண்டும், சாவியை எச்எஸ்எம் எனும் தனிக் கருவியில்தான் வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-லேயே சுற்றறிக்கை விட்டது. அந்த ஒழுங்கை மற்ற தகவல்களுக்கும் கடைப்பிடிக்கத் தடையில்லை. எச்எஸ்எம் வாங்க வசதியில்லாதவர்கள் தனி இயந்திரத்தில் ஹாஷிகார்ப் வால்ட் போன்ற சாவிக் காப்பகத்தை ஓட்டலாம். கிளவுடில் இருப்பவர்களுக்குச் சாவி நிர்வாகச் சேவை உண்டு.

பல சர்வர்களில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் மேல் தரவுத்தளத்தை ஓட்டுபவர்கள் ஒரு சுற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். தரவுத்தளச் சாவியை அதன் 'சீக்ரெட்' (ரகசியப் பதிவு) ஆக வைக்கிறார்கள். அந்த சீக்ரெட், குபெர்னெட்டீஸ் தன் விவரங்களை வைக்கும் எட்சிடியில் போய் உட்காருகிறது. எட்சிடியும் பல சர்வர்களில் பரவிய ஒரு தரவுத்தளம்தான். இயல்பான அமைப்பில் அங்கே அது பூட்டப்படுவதில்லை. பேஸ்64 எனும் எழுத்து வடிவில் கண்ணுக்குத் தெரிவதைக் குறியாக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அதைத் திருப்ப எந்தச் சாவியும் தேவையில்லை. எட்சிடியின் பேக்கப் கோப்பு வெளியே போனால், மேலே உள்ள அத்தனை பூட்டும் திறந்ததற்குச் சமம். குபெர்னெட்டீஸின் நுழைவாயிலான ஏபிஐ சர்வரின் குறியாக்க அமைப்புக் கோப்பில் இதைச் சரிசெய்யலாம். அந்தக் கோப்பில் முதலில் இருக்கும் முறைதான் எழுதுவதற்குப் பயன்படும். 'ஐடென்டிட்டி' (பூட்டாமல் எழுதும் முறை) முதலில் இருந்தால், கீழே எத்தனை சாவி கொடுத்திருந்தாலும் வெறும் எழுத்தாகவே எழுதும். சரியாக ஆன் செய்த பிறகும் பழைய சீக்ரெட்டுகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை படித்து மறுபடி எழுத வைக்க வேண்டும். சாவி மாற்றும்போது புதியதை முதலில் இரண்டாம் இடத்தில் சேர்த்து எல்லா ஏபிஐ சர்வர்களையும் மறுதொடக்கம் செய்துவிட்டு, அதன் பிறகே முதல் இடத்துக்கு உயர்த்த வேண்டும். நேரடியாக முதல் இடத்தில் வைத்தால், ஒரு சர்வர் எழுதியதை இன்னொன்றால் படிக்க முடியாமல் போகும். அமைப்புக் கோப்பிலேயே சாவியை எழுதி வைப்பதும் எட்சிடி பேக்கப் திருடுபோவதைத்தான் தடுக்கும்; அந்த சர்வருக்குள்ளேயே புகுந்தவரைத் தடுக்காது. ஆகவே குபெர்னெட்டீஸ் 1.29-இல் நிலைபெற்ற, வெளிச் சாவிக் காப்பகத்தோடு இணைக்கும் கேஎம்எஸ் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தி, சாவியை வெளியே வைப்பதே சரி.

சாவியை வெளியே வைத்தால் வரும் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நோடு கிளம்பும்போதுதான் காப்பகத்திடம் சாவி கேட்கிறது. பிறகு நினைவகத்தில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுகிறது. இடையில் காப்பகத்தோடு பேசுவதற்கான சான்றிதழ் காலாவதியாகலாம். ஃபயர்வால் விதி மாறியிருக்கலாம். ஒன்றும் வெளியே தெரியாது. ஒரு நாள் மின்சாரம் போய் எல்லா நோடுகளும் ஒன்றாக எழுந்திருக்கும்போது, ஒன்றுகூடச் சாவி கிடைக்காமல் நிற்கும். மூன்று படி வைத்ததன் பயன் அந்த நேரத்தில் இல்லை, ஏனெனில் மூன்றும் ஒரே காரணத்தால் நிற்கின்றன. ஹாஷிகார்ப் வால்ட் தானும் மறுதொடக்கமானால் பூட்டிய நிலையில்தான் எழும். இயல்பான அமைப்பில் அதன் திறவுச் சாவியின் ஐந்து துண்டுகளில் மூன்றைக் கொடுத்தால்தான் அது திறக்கும். துண்டு வைத்திருப்பவர்களை நள்ளிரவில் எப்படிப் பிடிப்பது என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். காப்பகம் தன் தரவை இதே கிளஸ்டரில் வைத்திருந்தால், எது முதலில் எழுவது? இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும். இதற்கு மருந்து, மாதம் ஒருமுறை ஒரு நோடை வேண்டுமென்றே மறுதொடக்கம் செய்து பார்ப்பது. சான்றிதழ் காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எச்சரிக்கை வரும்படியும் அமையுங்கள்.

எல்லா நோடுக்கும் ஒரே சாவிக் கோப்பு கொடுப்பது வசதிதான், ஆனால் வேண்டாம். நோடுக்கு ஒரு சாவி என்றால், ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டு படிகளிலிருந்து அந்த நோடை மறுபடி கட்டிவிடலாம். பேக்கப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறோமோ அத்தனை ஆண்டும் அதைத் திறக்கும் பழைய சாவியையும் வைத்திருக்க வேண்டும். சாவியை அழித்தால் தரவை அழித்ததற்குச் சமம் என்ற வசதி இதன் மறுபக்கம். பழைய டிஸ்கைக் கழிக்கும்போது அது உதவும். சாவியைத் தவறுதலாக நீக்கினாலும் அதேதான் நடக்கும்.

வேகம் குறையும் என்று அஞ்சுபவர்கள், ப்ராசசர் விவரத்தில் 'ஏஇஎஸ்' என்ற கொடி (அந்தக் குறியாக்கத்தை ப்ராசசரே விரைவாகச் செய்யும் என்பதன் அடையாளம்) இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் இழப்பு பெரும்பாலும் சிறியதே. மெய்நிகர் இயந்திரங்களில் பழைய பொதுவான சிபியு மாதிரியைத் தேர்ந்திருந்தால், அடியில் நல்ல ப்ராசசர் இருந்தும் அந்தக் கொடி மறைந்துவிடும். குறியாக்கத்தின் மேல் பழி விழுவது பல நேரம் இதனால்தான்.

பூட்டியாயிற்றா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வேறெங்கும் வராத ஒரு சொல்லை ஒரு சோதனை அட்டவணையில் எழுதி, டிஸ்குக்கு இறங்கச் செய்து, தரவுக் கோப்புறை, ஸ்னாப்ஷாட், லாக், பேக்கப் என எல்லாவற்றிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். அந்த அட்டவணைக்குச் சுருக்கத்தை (கம்ப்ரெஷன்) அணைத்துவிட்டே செய்ய வேண்டும். சுருக்கிய கோப்பில் சொல் சிதைந்து கிடப்பதால் கண்ணில் படாமல் போகலாம், பூட்டியதால் அல்ல. டிஸ்கையே பூட்டியிருப்பவர்கள் மவுண்ட் ஆன (பூட்டைத் திறந்து இணைத்த) கோப்புறையில் தேடிப் பயனில்லை. அங்கே எப்போதும் திறந்துதான் தெரியும். அடியிலுள்ள மூல டிஸ்கில் தேட வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் தடுக்கப்படுவது டிஸ்க், பழைய சர்வர், பேக்கப் கோப்பு ஆகியவை கைமாறுவதைத்தான். செயலியின் கடவுச்சொல்லைத் திருடியோ எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (உள்ளீட்டில் தரவுத்தளக் கட்டளையைப் புகுத்துவது) மூலமோ உள்ளே வருபவருக்குத் தரவுத்தளமே பூட்டைத் திறந்து கொடுத்துவிடும். கசிவுச் செய்தியில் "தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை" என்ற மறுப்பு வந்தால், கசிந்த வழி எது என்று கேட்காமல் அதை ஏற்க வேண்டாம்.

டெண்டர் எழுதுபவர்கள் அந்த ஒற்றை வரிக்குப் பதில் இவற்றைக் கேட்கலாம்: ஒவ்வொரு நோடிலும் பூட்டப்படாத பைட்டுகள் பூஜ்ஜியம் என்று காட்டும் அறிக்கை, சாவிக் காப்பகம் எந்த இயந்திரத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்ற விவரம், பேக்கப்பின் குறியாக்கச் சாவி வேறு என்பதற்கான சான்று, வேறோர் இயந்திரத்தில், வேறொருவர், எழுதி வைத்த வழிமுறையையும் சாவியையும் மட்டும் கொண்டு பேக்கப்பை மீட்டெடுத்துக் காட்டிய தேதி. கடைசியாகச் சொன்னதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்றும், செய்யாவிட்டால் பராமரிப்புத் தொகை நிறுத்தி வைக்கப்படும் என்றும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்